செறிவு மாறினால் வேகமும் மாறும்: அமிலம் நீரில் விரவும் விதம்

அகாரை வெந்நீரில் கரைத்து, லிட்டருக்கு 0.01 மோல் என்ற அளவில் சோடியம் ஹைட்ராக்சைடும் சில சொட்டு பினாப்தலீனும் கலந்து, இரண்டு சோதனைக் குழாய்களில் பாதிவரை ஊற்றி ஆறவிட்டால் இளஞ்சிவப்பாக உறைந்து நிற்கும். ஒரு குழாயில் கூழின்மேல் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும், மற்றதில் அதைவிடப் பத்து மடங்கு செறிவான 1 மோலார் அமிலத்தையும் ஊற்ற வேண்டும். அமிலம் இறங்க இறங்கக் கூழ் மேலிருந்து வெளுத்துக்கொண்டே வரும். வெளுத்த பகுதிக்கும் சிவப்புக்கும் நடுவே உள்ள கோடு தெளிவாகத் தெரியும். அளவுகோலை ஒட்டிவைத்து மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளலாம்.

கூழ் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. வெறும் நீரில் ஊற்றினால், அடர்த்தி கூடிய அமிலம் இழை இழையாகக் கீழே சரிந்துவிடும். அறையின் சூடும் மேசையின் அதிர்வும்கூட நீரைக் கலக்கும். அது நீரோட்டம், விரவல் அல்ல. அகார் அந்த ஓட்டத்தை மட்டும் தடுக்கிறது. அதன் கண்கள் அயனிகளோடு ஒப்பிட மிகப் பெரியவை என்பதால், நீருக்குள் நகர்வது போலவே ஏறத்தாழ அதே வேகத்தில் அயனிகள் கூழுக்குள்ளும் நகர்கின்றன.

பத்து மடங்கு செறிவு என்றால் கோடும் பத்து மடங்கு வேகமாக இறங்கும் என்றுதான் பெரும்பாலோர் எதிர்பார்ப்பார்கள். கணக்கு அப்படிச் சொல்வதில்லை. அமிலமும் காரமும் ஒரே வேகத்தில் விரவுகின்றன, மேலே உள்ள அமிலத்தின் செறிவு குறைவதில்லை என்று எளிமைப்படுத்திக்கொண்டு கணக்கிட்டால், ஒரு மணி நேரத்தில் முதல் குழாயில் கோடு சுமார் 8 மி.மீ. இறங்கியிருக்கும், இரண்டாவதில் 12 மி.மீ. அதாவது ஒன்றரை மடங்குதான். நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 16, 24. நேரம் நான்கு மடங்கு ஆனபோது தூரம் இரண்டு மடங்கே ஆகியிருக்கிறது. விரவலின் அடிப்படைக் குணம் இது: தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப நேரம் கூடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் அசையாத நீரில் 1 செ.மீ. பரவச் சுமார் நாலரை மணி நேரம் ஆகும். 10 செ.மீ. பரவ 19 நாள். அதே அமிலத்துக்கு ஒரு மைக்ரான் தூரம் போக நொடியில் பத்தாயிரத்தில் இரண்டு பங்குகூட ஆகாது. உயிரணுக்கள் விரவலை நம்பியே வாழ முடிவதும், பெரிய உடல்களுக்கு இரத்த ஓட்டம் தேவைப்படுவதும் இந்த வர்க்கக் கணக்கினால்தான்.

இரண்டாவது குழாயில் கோடு முந்தியதற்குக் காரணம், அங்கே அமிலம் அதிகம் இருந்ததால் வழியிலிருந்த காரத்தை விரைவில் தீர்த்துவிட்டது என்பதே. அயனிகள் வேகமாக ஓடின என்று அதற்குப் பொருள் இல்லை. கோட்டின் வேகம் ஒன்று, அமிலத்தின் விரவல் வேகம் வேறொன்று. செய்முறை ஏடுகளில் இவை இரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. இந்தக் குழப்பத்தை விலக்கிய பிறகுதான் உண்மையான கேள்வி எழுகிறது. செறிவு கூடும்போது அமிலம் விரவும் இயல்பே மாறுகிறதா? மேலே செய்த கணக்கு மாறாது என்று வைத்துக்கொண்டது. பாடநூல்களும் ஒரு பொருளுக்கு ஒரே எண்ணைத்தான் விரவல் குணகமாகத் தருகின்றன. அந்த ஒற்றை எண் அமிலங்களின் விஷயத்தில் பெரிதும் தவறான படத்தைத் தருகிறது என்பதே என் கருத்து.

நீர்மங்களில் விரவலை முறையாக அளந்தவர்களில் முதன்மையானவர் தாமஸ் கிரகாம். கிளாஸ்கோவில் பிறந்து லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். கரைசல் நிரப்பிய சிறு குப்பியைப் பெரிய சாடி நீருக்குள் அசையாமல் மூழ்க வைத்து, சில நாள் கழித்து எவ்வளவு பொருள் வெளியே வந்திருக்கிறது என்று அளப்பது அவர் முறை. 1850-இல் வெளியான அவரது கட்டுரை, வெளியேறும் அளவு கரைசலின் செறிவுக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருப்பதைக் காட்டியது. 1861-இல் அவர் வெளியிட்ட சிறு பட்டியலைப் பார்த்தால் இன்றும் வியப்பாக இருக்கும். ஒரே அளவு விரவ ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு 1 பங்கு நேரம் ஆகும் என்றால், சாப்பாட்டு உப்புக்கு 2.33, சர்க்கரைக்கு 7, முட்டையின் வெண்கருப் புரதத்துக்கு 49, கருகிய சர்க்கரைக்கு 98. பட்டியலில் எல்லாவற்றையும்விட வேகமாக விரவியதால் அமிலமே அளவுகோலாக நின்றது. அமிலத்துக்கு மட்டும் ஏன் அந்த வேகம் என்பதற்கான விடை அப்போது கிரகாமிடம் இல்லை. கரைசலில் அமிலம் தானாகவே அயனிகளாகப் பிரிகிறது என்ற கருத்தே இன்னும் உருப்பெறவில்லை.

1855-இல் சூரிச்சில் இருந்த இளம் உடலியலாளர் அடால்ஃப் ஃபிக் விரவலுக்குக் கணித வடிவம் கொடுத்தார். உலோகத்தில் வெப்பம் பரவுவதற்கு ஃபூரியே எழுதிய சமன்பாட்டை அப்படியே எடுத்து, வெப்பநிலை இருந்த இடத்தில் செறிவை வைத்தார். குழாயின் அடியில் உப்பு, மேலே நல்ல நீர். தராசில் தொங்கவிட்ட சிறு கண்ணாடிக் குமிழை ஒவ்வோர் ஆழத்திலும் இறக்கி அடர்த்தியை அளந்தார். செறிவு மேல்நோக்கி நேர்கோடாகக் குறைந்து வந்தது. அந்த நேர்கோடுதான் பிற்காலத்தவரை மாறாத குணகத்தின் மேல் நம்பிக்கை வைக்கச் செய்தது. ஃபிக் ஆராய்ந்தது சாப்பாட்டு உப்பு. அதன் குணகம் செறிவோடு அதிகம் மாறுவதில்லை. அமிலத்தை எடுத்திருந்தால் கோடு வளைந்திருக்கும்.

இங்கே எண்களைப் பேசியாக வேண்டும். விரவல் குணகத்தை நொடிக்கு இத்தனை சதுர செ.மீ. என்று அளப்பது வழக்கம். நீரில் கரைந்த சிறு பொருள்களுக்கு அது ஒரு லட்சத்தில் ஒன்றிரண்டு பங்குதான். ஆகவே 'ஒரு லட்சத்தில்' என்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொல்கிறேன். எல்லாம் 25 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. மிகவும் நீர்த்த கரைசலில் சோடியம் அயனிக்கு 1.33, குளோரைடுக்கு 2.03, ஹைட்ரஜன் அயனிக்கு 9.31. சோடியத்தைவிட ஏழு மடங்கு! ஹைட்ரஜன் அயனி நீரைத் தள்ளிக்கொண்டு முழுத் தூரமும் போவதில்லை. நீர் மூலக்கூறு ஒன்றில் ஒட்டியிருக்கும் புரோட்டான் பக்கத்து மூலக்கூறுக்குத் தாவ, அங்கிருந்து வேறொரு புரோட்டான் அடுத்ததற்குத் தாவுகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் ஆகும் நேரம் ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒன்றிரண்டு பங்கு. இதன் முதல் வடிவத்தை 1806-இலேயே தியோடோர் குரோட்டஸ் எழுதிவிட்டார், மின்சாரம் நீரைப் பிரிக்கும் விதத்தை விளக்கப் போய்.

அப்படியானால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 9.31 என்ற வேகத்தில் விரவ வேண்டுமே? விரவுவதில்லை. 1888-இல் வால்தர் நெர்ன்ஸ்ட் இதற்கு விடை சொன்னார். நேர்மின் சுமையுள்ள ஹைட்ரஜன் முந்தி ஓடினால் எதிர்மின் சுமையுள்ள குளோரைடு பின்தங்கும். இரண்டுக்கும் நடுவே மின்புலம் உருவாகி, முந்தியதைப் பின்னுக்கு இழுக்கும். பிந்தியதை முன்னுக்குத் தள்ளும். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையில் போகும் தந்தை தன் நடையைக் குறைத்துக்கொள்ள, குழந்தை ஓட்டமும் நடையுமாக வருவது போல, இரண்டு அயனிகளும் ஒரே வேகத்துக்கு வந்துவிடுகின்றன. இரண்டின் பெருக்கல் தொகையை இரண்டால் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்தால் அந்தப் பொது வேகம் கிடைக்கும்: 3.33. இதே கணக்கில் சாப்பாட்டு உப்புக்கு 1.61. கிரகாம் குப்பிகளில் கண்ட 2.33 என்ற விகிதம் நெர்ன்ஸ்டின் கணக்கில் 2.07 ஆகிறது. குப்பியையும் சாடியையும் மட்டும் வைத்துக்கொண்டு அளந்தவருக்கு இவ்வளவு நெருக்கம் கிடைத்தது பெரிய சாதனை.

அந்த மின்புலம் கற்பனை அல்ல. மின்னழுத்தமாக அதை அளக்கலாம். 0.1 மோலார் அமிலமும் 0.01 மோலார் அமிலமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் சுமார் 38 மில்லிவோல்ட் உண்டாகிறது. ஆய்வகத்தில் அமிலத்தன்மையை அளக்கும் கண்ணாடி மின்முனையோடு இணைந்த ஒப்பீட்டு மின்முனைக்குள் பொட்டாசியம் குளோரைடு கரைசலை ஊற்றுவதன் காரணமும் இதுவே. பொட்டாசியத்துக்கு 1.96, குளோரைடுக்கு 2.03. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் போவதால் தொடும் இடத்தில் மின்னழுத்தம் மிகக் குறைவாக இருக்கும், அளவீடு கெடாது.

நெர்ன்ஸ்டின் 3.33 எல்லையற்று நீர்த்த கரைசலுக்கு உரியது. செறிவு கூடும்போது என்ன ஆகிறது என்பதை 1950-இல் துல்லியமாக அளந்தவர் ஆஸ்திரேலிய வேதியியலர் ராபின் ஸ்டோக்ஸ். அவர் கருவி எளிமையானது. நுண்துளைகள் உள்ள கண்ணாடித் தட்டு நடுவே இருக்க, மேலும் கீழும் இரண்டு அறைகள். செறிவான கரைசல் கீழே. மேலே இருந்தால் தன் எடையாலேயே ஒழுகிவிடும். கண்ணாடிக்குள் இரும்புக் கம்பி வைத்த கலக்கிகள் இரண்டு, வெளியே சுழலும் காந்தத்தால் தட்டை உரசினாற்போல் இருபுறமும் சுற்றும். தட்டை ஒட்டி நிற்கும் அசையாத நீர்ப்படலம் கணக்கைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. துளைகளின் நீளத்தையும் பரப்பையும் நேராக அளக்க முடியாது. ஆகவே குணகம் முன்பே தெரிந்த பொட்டாசியம் குளோரைடை முதலில் ஓடவிட்டு, கருவியின் மாறிலியை அதிலிருந்து பெற்றுக்கொள்வார்கள். பிறகு அமிலத்தை வைத்து, நாள்கணக்கில் காத்திருந்து, இரண்டு அறைகளிலும் செறிவை அளப்பார்கள்.

கிடைத்த எண்கள் இவை. லிட்டருக்கு 0.05 மோலில் 3.07. 0.1 மோலில் 3.05. 0.5 மோலில் 3.18. 1 மோலில் 3.44. 2 மோலில் 4.05. 4 மோலில் 5.17. முதலில் சிறிது இறங்கி, 0.1-க்கு அருகே அடித்தட்டைத் தொட்டு, பிறகு நிற்காமல் ஏறுகிறது. அடித்தட்டிலிருந்து 4 மோல்வரை ஏறத்தாழ 70 சதவீத உயர்வு. சோதனைக் குழாயில் 1 மோலார் அமிலம் 0.1 மோலாரைவிடச் சற்று வேகமாகவும் விரவுகிறது என்றால் அந்த ஏற்றமே காரணம். ஆனால் அது 13 சதவீதம்தான், கோட்டின் ஒன்றரை மடங்குக்கு அது விளக்கம் ஆகாது.

இந்த ஏற்றம் எளிதில் புரியக்கூடியது அல்ல. நெரிசல் கூடினால் ஒவ்வோர் அயனியும் தடுமாற வேண்டும். தடுமாறவும் செய்கிறது. அதற்கு நேரடிச் சான்று மின்கடத்துதிறன். ஒரு மோல் அமிலத்துக்கு இத்தனை என்று கணக்கிட்டால், மிக நீர்த்த நிலையில் 426, 0.1 மோலில் 391, 1 மோலில் 333-க்குச் சற்றுக் குறைவு. மின்புலத்தால் இழுத்தால் அயனிகள் செறிவு கூடக்கூட மெதுவாகவே நகர்கின்றன. அதே அயனிகள், அதே கரைசலில், தாமாக விரவும்போது மட்டும் வேகம் எடுக்கின்றன.

முரண்பாடு தீர வேண்டுமானால் விரவலை உந்துவது எது என்று கேட்க வேண்டும். செறிவு வேறுபாடுதான் உந்துகிறது என்று ஃபிக்கின் விதியைப் படித்தவர்கள் சொல்வார்கள். நீர்த்த கரைசலில் அது போதும். உண்மையில் உந்துவது, கரைந்த பொருள் கரைசலை விட்டு வெளியேற எவ்வளவு முனைகிறது என்பதில் இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடு. இந்த முனைப்பு செறிவோடு சீராகக் கூடுவதில்லை. நீர்த்த அமிலத்தில் ஒவ்வோர் அயனியையும் சுற்றி எதிர்ச்சுமை அயனிகள் சற்றுக் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். அந்தக் கவர்ச்சி அயனியை அங்கேயே பிடித்துவைக்கிறது. வெளியேறும் முனைப்பு செறிவு காட்டுவதைவிடக் குறைவு. வளைகோட்டின் முதல் இறக்கம் இதன் விளைவு.

செறிவு மிகும்போது வேறொன்று மேலோங்குகிறது. அயனிகள் தம்மைச் சுற்றி நீரைப் பிடித்துவைக்கின்றன. ஒரு கிலோ நீரில் 55.5 மோல் நீர் மூலக்கூறுகள் இருக்கின்றன. அதில் 4 மோல் அமிலம் கரைந்து, ஒவ்வோர் அயனி இணையும் ஆறு நீர் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டது என்று வைத்தால்கூட 24 மோல் நீர் அதிலேயே போய்விடும். மீதமுள்ள தாராள நீரில் அமிலத்தின் நெருக்கடி பெயரளவுச் செறிவைப் போல ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு. இதையும் அளந்திருக்கிறார்கள். ஒரு கிலோ நீரில் 0.5 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 0.38 மோல் இருப்பது போலவே நடந்துகொள்கிறது. 4 மோல் அமிலமோ 7 மோலுக்கும் மேல் இருப்பது போல நடந்துகொள்கிறது. செறிவு எட்டு மடங்கு கூடியிருக்க, வெளியேறும் முனைப்பைக் குறிக்கும் அளவு பதினெட்டு மடங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. நெரிசலில் ஒவ்வோர் அயனியும் இழக்கும் வேகத்தை இந்த உந்துதல் ஈடுகட்டி மிஞ்சிவிடுகிறது. மின்கடத்துதிறன் அயனியின் நகர்வை மட்டும் பார்க்கிறது. விரவல் நகர்வையும் உந்துதலையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆகவே ஒன்று இறங்க மற்றது ஏறுவதில் முரண் இல்லை. 1930-களில் லார்ஸ் ஓன்சாகர் இந்த இரண்டையும் பிரித்துக் கணக்கிடும் வழியைக் காட்டினார்.

இதுவரை சொன்னது முழுவதும் அயனியாகிவிடும் வலிமைமிகு அமிலத்துக்கு. காடியில் உள்ள அசிட்டிக் அமிலத்தின் கதை தலைகீழ். 0.1 மோலார் கரைசலில் அதன் மூலக்கூறுகளில் நூற்றில் ஒன்று சொச்சம்தான் அயனியாகப் பிரிந்திருக்கும். மீதி எல்லாம் மின்சுமை இல்லாத முழு மூலக்கூறுகள். அவற்றின் குணகம் சுமார் 1.2. ஹைட்ரஜன் அயனியின் தாவல் வேகம் இதில் பயன்படுவதே இல்லை. நீர்க்க நீர்க்கப் பிரிகை கூடும். லிட்டருக்கு ஒரு லட்சத்தில் ஒரு மோல் என்ற அளவுக்கு நீர்த்தால் பத்தில் ஏழு மூலக்கூறுகள் பிரிந்துவிடும். அப்போது குணகம் சுமார் 1.6 ஆகும் என்று கணக்கிடலாம்; முழுவதும் பிரிந்தால் 1.95. ஹைட்ரோகுளோரிக் அமிலம் செறிவில் வேகம் எடுக்கிறது, அசிட்டிக் அமிலம் நீர்த்தலில் வேகம் எடுக்கிறது. 'அமிலங்கள் செறிவு கூடினால் வேகமாக விரவும்' என்று பொதுவாகச் சொல்ல முடியாததற்கு இந்த ஒரு சோடியே போதும்.

அமிலத்தோடு வேறு உப்பும் கலந்திருந்தால் நிலைமை இன்னும் மாறும். 1941-இல் ஜெரோம் வினோகிராடும் ஜேம்ஸ் மக்பெயினும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு பேரியம் குளோரைடைக் கலந்து விரவவிட்டார்கள். (பின்னாளில் டி.என்.ஏ. ஆராய்ச்சியில் பெயர் பெற்ற அதே வினோகிராட்தான்.) உப்பு கூடக்கூட ஹைட்ரஜன் அயனி வேகம் எடுத்தது. குளோரைடோடு மட்டும் கட்டுண்டிருந்த நிலை போய்விட்டது. மின்சமநிலையைக் காக்கும் வேலையைப் பேரியமும் பகிர்ந்துகொள்ள, ஹைட்ரஜன் தன் சொந்த வேகத்தை நோக்கி நகர முடிந்தது. ஆகவே அமிலத்தின் குணகம் என்ன என்று கேட்டால், எந்தச் செறிவில், கூட வேறென்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்டாக வேண்டும்.

உடலுக்குள் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. பல் சொத்தையை எடுத்துக்கொள்வோம். இனிப்பு வாயில் பட்டதும் பல்லின் மேல் படிந்த பாக்டீரியப் படலம் சில நிமிடங்களில் அமிலமாகிவிடுவதையும், பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆவதையும் 1940-களில் ராபர்ட் ஸ்டீஃபன் அளந்து காட்டினார். படலத்தின் பி.எச். 5 அளவுக்கு இறங்கினால், அங்கே தனியாக இருக்கும் ஹைட்ரஜன் அயனி லிட்டருக்கு ஒரு லட்சத்தில் ஒரு மோல்தான். அதே இடத்தில் லாக்டிக் அமிலம் மொத்தம் லிட்டருக்கு 0.05 மோல் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதில் நூற்றுக்கு ஏழு பிரியாத மூலக்கூறாக இருக்கும். அது ஹைட்ரஜன் அயனியைவிட 340 மடங்கு. ஹைட்ரஜன் அயனி ஒன்பது மடங்கு வேகமாக ஓடினாலும், அது எனாமலுக்குள் கொண்டுபோகும் அமிலம் மிகச் சொற்பம். சுமையற்ற லாக்டிக் மூலக்கூறு நுண்துளை வழியே உள்ளே போய், அங்கே பிரிந்து, தாதுவைக் கரைக்கிறது. வெளிப்பரப்பு ஏறத்தாழ முழுதாக இருக்க, அதற்குக் கீழே வெண்புள்ளியாகச் சொத்தை தொடங்குவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரே பி.எச். காட்டும் இரண்டு அமிலங்கள் ஒரே அளவு கேடு செய்வதில்லை என்பதும் இதிலிருந்து கிடைக்கிறது. பி.எச். 3 காட்ட ஹைட்ரோகுளோரிக் அமிலம் லிட்டருக்கு 0.001 மோல் போதும். அசிட்டிக் அமிலம் 0.058 மோல் வேண்டும். முன்னது சீக்கிரம் தீர்ந்துவிடும். பின்னது தீரத் தீரப் பிரிந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆய்வகங்களில் சொத்தையைச் செயற்கையாக உண்டாக்கப் பிடுங்கிய பற்களை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுவதில்லை. அது மேற்பரப்பையே அரித்துவிடும். கால்சியமும் பாஸ்பேட்டும் ஓரளவு கரைந்த அசிட்டிக் அல்லது லாக்டிக் அமிலத் தாங்கல் கரைசலில், பி.எச். 4.5 முதல் 5 வரை வைத்து, நாள்கணக்கில் ஊறவிடுகிறார்கள்.